இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் இடது பக்கம் தெரியாமல் போனவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது எங்கள் பார்வைப் பரிசோதனை அறைக்கு வந்த ஒருவரைப் பற்றிய பதிவு. எழுதலாம் என்று அவரும் அவர் மனைவியும் சம்மதித்திருக்கிறார்கள், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன். கண் பரிசோதனையிலும் கண்ணாடிக் கடைகளிலும் வேலை செய்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் வீட்டில் யாராவது திடீரென்று "ஒரு பக்கம் மறைக்குது" என்று சொன்னால் அது கண் பிரச்சினைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பின்னணி

வயது 58. கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க எண்களோடுதான். ரத்த அழுத்தம் பல வருடமாக உண்டு, மாத்திரையை உடம்பு நன்றாக இருக்கிற நாளில் விட்டுவிடுவார். ஒருநாள் காலையில் எழுந்தபோது பிடரியில் பாரமாக ஒரு வலி, தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி படுத்துவிட்டார். வலி மதியத்துக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து கதவு நிலையில் இடது தோள் இடிக்க ஆரம்பித்தது, காரின் இடது பக்கக் கண்ணாடி கேட்டில் உரசியது, எதிரே வைத்த தட்டில் இடது பாதியைத் தொடாமலே எழுந்து போனார்.

இடது கண் மங்கிவிட்டது என்று அவரே முடிவு செய்து ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். இடது கண்ணுக்கு மட்டும் பவரைக் கொஞ்சம் மாற்றிப் புதுக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். சரியாகவில்லை என்று திரும்பப் போனபோது, பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வரும்போது அந்தக் காலைத் தலைவலி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

வந்ததும் அவர் சொன்னது: "இடது கண் மங்கிப்போச்சு, பவரைச் சரியாப் பாத்துக் குடுங்க, போதும்."

அவர் மனைவி சொன்னது வேறு. "மங்கலா இருந்தா பரவாயில்லைங்க. நான் இவருக்கு இடது பக்கம் நின்னு பேசினா யாரோ திடீர்னு வந்து நின்ன மாதிரி தூக்கிப்போடுது. வலது பக்கம் நின்னா ஒண்ணும் இல்லை."

மங்கலான கண் இப்படி நடந்துகொள்ளாது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் மனைவிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் பரிசோதனையில் கண்டது

எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னோம். ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தார். "இன்னும் இடது பக்கம் பாருங்க" என்றால் தலையைத் திருப்பி, "ஓ, இங்க ஒண்ணு இருக்கா" என்று அதையும் தெளிவாக வாசித்தார். இடது கண்ணை மூடி வலது கண்ணால் வாசித்தபோதும் அதே, வலதை மூடி இடதால் வாசித்தபோதும் அதே. முடிவில் இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது குறையில்லாத கூர்மை. பழைய கண்ணாடியிலேயே 6/6. கடையில் மாற்றிய பவருக்கு வேலையே இருக்கவில்லை.

6/6 என்பது விழித்திரையின் நட்ட நடுவில் உள்ள மிகச் சிறிய குழியின் திறமையை மட்டும்தான் சொல்கிறது, கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பான பார்வைப் புலத்தில் அதன் பங்கு ஒன்றிரண்டு பாகைதான். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் அகலமோ ஏறத்தாழ 180 பாகை. நடுக்குழி பழுதில்லாமல் இருந்தால் மீதிப் புலத்தில் எவ்வளவு போயிருந்தாலும் ஒருவர் கடைசி வரி வரை வாசித்துவிடலாம்.

அடுத்து எந்தக் கருவியும் வேண்டாத ஒரு சோதனை. எதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, "இடது கண்ணை மூடிக்கிட்டு என் மூக்கை மட்டும் பாருங்க. என் முகம் முழுசா இருக்கா?" என்று கேட்டேன். இது அவருடைய 'நல்ல' கண், வலது கண். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு பக்கக் காதும் கன்னமும் இல்லைங்க" என்றார். கண்ணை மாற்றினோம், அதே காதும் கன்னமும் இல்லை. விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னபோதும் எந்தக் கண்ணால் பார்த்தாலும் அவருக்கு இடது பாதியில் ஒன்றுமே இல்லை, எல்லை நடுக்கோட்டில் நேராக வெட்டினதுபோல இருந்தது. இத்தனை நாள் நம்பியிருந்த வலது கண்ணும் இடது பக்கத்தைப் பார்க்கவில்லை என்பது புரிந்தபோது அவர் முகம் மாறிவிட்டது.

கண்மணிகள் இரண்டும் ஒரே அளவு, வெளிச்சத்துக்கு ஒழுங்காகச் சுருங்கின, டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மற்றதற்கு மாற்றிமாற்றி அடித்தும் வித்தியாசம் இல்லை. விழித்திரையும் பார்வை நரம்பின் தலையும் நன்றாகவே இருந்தன, ரத்த அழுத்தத்தின் பழைய தடம் மட்டும் ரத்தக் குழாய்களில் லேசாகத் தெரிந்தது.

இரண்டு கண்ணிலும் ஏன் ஒரே பாதி

ஒவ்வொரு விழித்திரையிலும் வெளிச்சத்தை உணரும் செல்கள் சுமார் 10 கோடி. அவை திரட்டும் தகவல் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகளாகச் சுருங்கித்தான் மூளைக்குப் போகிறது, அதாவது கழித்துக் கூட்டிச் சுருக்கும் வேலை கண்ணுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு நரம்புகளும் மூளைக்கு அடியில் கயாஸம் என்ற இடத்தில் சந்திக்கின்றன. அங்கே ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மூக்குப் பக்கப் பாதியின் இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டிவிடும், காதுப் பக்கப் பாதியின் இழைகள் தாண்டாமல் அதே பக்கம் போகும்.

இதன் பலன் என்னவென்றால், கயாஸத்தைத் தாண்டிய பிறகு 'இடது கண்ணின் பாதை', 'வலது கண்ணின் பாதை' என்று தனித்தனியாக இல்லை. இடது பக்க உலகம் முழுவதும், அதை எந்தக் கண் பார்த்திருந்தாலும், வலது மூளைக்குப் போகிறது. வலது பக்க உலகம் இடது மூளைக்கு. அங்கே மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் வழியாக, பின்பக்கத்துப் பிடரி மடலில் உள்ள பார்வைப் புறணிக்கு, அதாவது கண்ணின் செய்தியைக் காட்சியாக்கும் மேலடுக்குக்கு.

ஆகவே கயாஸத்துக்கு முன்னால் கோளாறு என்றால் ஒரு கண் பாதிக்கும். கயாஸத்திலேயே அழுத்தம் என்றால், அதன் கீழே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வந்தால் நடப்பதுபோல, இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதிகள் போகும். கயாஸத்துக்குப் பின்னால் என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போகும், இதற்கு ஹோமோனிமஸ் ஹெமியனோப்பியா என்று பெயர், இங்கே சுருக்கமாக ஹெமியனோப்பியா என்றே சொல்கிறேன். கண்மணியைச் சுருக்கும் இழைகள் தலாமஸுக்கு முன்பே பிரிந்து நடுமூளைக்குப் போய்விடுவதால், அதற்குப் பின்னால் அடி விழுந்தால் கண்மணி எதுவும் தெரியாததுபோல ஒழுங்காக வேலை செய்துகொண்டே இருக்கும். இவரிடம் பார்த்த எல்லாமே வலது பிடரி மடலை நோக்கி விரல் நீட்டின.

அப்படியானால் அவர் ஏன் இடது கண்ணைக் குற்றம் சொன்னார்? ஹெமியனோப்பியா வந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள், அதில் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொரு கண்ணும் வெளிப்பக்கம் 90 பாகை அளவுக்குப் பார்க்கும், மூக்குப் பக்கம் 60 பாகை அளவுதான். இடது பாதி போகும்போது இடது கண் இழப்பது 90, வலது கண் இழப்பது 60. பெரிய இழப்பு எந்தக் கண்ணிலோ அந்தக் கண்ணின் மேல் பழி விழுகிறது. "ஒரு கண் தெரியலை" என்று சொல்பவரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்காமல் நம்பிவிடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இடது பக்கம் இருட்டா இருக்கா?" என்று கேட்டபோது அவர் யோசித்துவிட்டு, "இருட்டு இல்லைங்க. எதுவும் இல்லை" என்றார். இருட்டு தெரிவதற்கும் அந்த இடத்துக்கான புறணி வேண்டும். உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது, கறுப்பு என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள், அவருக்கு இடது பக்கம் அப்படி ஆகியிருந்தது. அதனால்தான் பார்வையில் பாதி போயும் பத்து நாள் அவருக்குப் புரியவில்லை. இதை அலட்சியம் என்று நினைப்பது பெரிய அநியாயம். இல்லாததை இல்லை என்று சொல்ல வேண்டிய பகுதியே போயிருக்கிறது.

எடுத்த முடிவும் காரணமும்

தானியங்கிக் கருவியில் பார்வைப் புலத்தை முழுமையாக அளந்து, அறிக்கையோடு அனுப்பலாமா, அல்லது அப்படியே அனுப்பலாமா என்பதுதான் அப்போது இருந்த கேள்வி. அப்படியே அனுப்பினோம். திடீரென்று வந்த ஹெமியனோப்பியா வேறொன்று என்று நிரூபணம் ஆகும்வரை பக்கவாதம்தான். கை கால் இழுக்கவில்லை, பேச்சு குழறவில்லை என்பதால் யாருக்கும் பக்கவாதம் என்று தோன்றுவதில்லை, ஆனால் பிடரி மடலுக்குப் போகும் ரத்தக் குழாய் மட்டும் அடைத்தால் பார்வை மட்டுமே போகும், கூட ஒரு தலைவலி இருக்கலாம்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி, கோளாறு தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அந்தக் கட்டம் எப்போதோ போய்விட்டது. ஆனால் ஒருமுறை அடைத்தவருக்கு அடுத்தது வரும் ஆபத்து முதல் நாட்களிலும் வாரங்களிலும்தான் அதிகம். புல வரைபடத்துக்காக அரை மணி நேரம் செலவழித்தால் எங்கள் கோப்பு அழகாக இருக்கும், அவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவருக்கு இது பிடிக்கவில்லை. "தலைவலி கூட இப்ப இல்லையே, கண்ணைப் பாக்க வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றீங்களே" என்றார். "உங்க கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு சார். அதனாலதான் உடனே போங்கன்னு சொல்றேன்" என்றேன். இந்த வாக்கியம் அவருக்குப் புரிந்தது. புதுக் கண்ணாடி எழுதிக் கொடுக்கவில்லை. கார் சாவியை மனைவியிடம் கொடுக்கச் சொன்னோம், இனி மறுபரிசோதனை வரை ஓட்டக் கூடாது என்று எழுத்திலும் கொடுத்தோம். பக்கவாதப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து, எப்போது தொடங்கியது, எந்தப் பாதி, கண்மணியும் பார்வை நரம்பும் எப்படி இருந்தன என்பதைக் கடிதத்தில் சுருக்கமாக எழுதினோம்.

மருத்துவமனையில்

எம்ஆர்ஐ ஸ்கேனில் வலது பிடரி மடலில், பின் மூளைத் தமனி ஓடும் பகுதியில், ரத்தம் போகாமல் திசு இறந்திருந்தது தெரிந்தது. முதல் ஈசிஜியில் ஒன்றுமில்லை. தொடர்ந்து இதயத் துடிப்பைப் பதிவு செய்தபோது நடுநடுவே மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடப்பது பிடிபட்டது. அங்கே உறைந்த ரத்தத் துணுக்கு மூளைக்குப் போயிருக்கலாம் என்று முடிவு செய்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கினார்கள். ரத்த அழுத்த மாத்திரை இனி விட்டுவிட்டுச் சாப்பிடும் விஷயம் இல்லை என்பதும் அங்கே உறுதியானது.

அடுத்த வாரங்கள்

மூன்றாவது வாரம் திரும்ப வந்தார். அப்போதுதான் புலத்தை அளந்தோம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டிலும் இடது பாதி கறுப்பு, ஓரங்கள்கூட ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும் அளவுக்கு ஒரேமாதிரி. நட்ட நடுவில் மட்டும் இரண்டு மூன்று பாகை தப்பியிருந்தது. பார்வைப் புறணியில் நடுப்பார்வைக்கு ஒதுக்கியிருக்கும் இடம் அதன் அளவுக்கு மிக மிகப் பெரியது, அதனால் ஓரம் முழுவதும் போனாலும் அதில் ஒரு பங்கு பிழைப்பது உண்டு. ரஷ்ய-ஜப்பான் போரில் பிடரியில் குண்டு பாய்ந்த வீரர்களைச் சோதித்து, புறணியின் எந்த இடம் உலகின் எந்த இடத்தைப் பார்க்கிறது என்ற வரைபடத்தை 1909இல் முதலில் வெளியிட்டவர் ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே. நாங்கள் இன்று ஒரு தாளைப் பார்த்து அடிபட்ட இடத்தைச் சொல்ல முடிகிறது என்றால் அது அப்படித் தொடங்கியது.

இது பார்வை இழப்பா, அல்லது அந்தப் பக்கத்தைக் கவனிக்கவே மறக்கும் கோளாறா என்றும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது, தட்டில் பாதியை விடுவது இரண்டிலும் நடக்கும். நீளமான கோட்டின் நடுவில் குறி போடச் சொன்னோம். இடது பக்கத்தைப் புறக்கணிப்பவர்கள் நன்றாக வலது பக்கம் தள்ளிப் போடுவார்கள். இவர் கொஞ்சம் இடது பக்கமாகப் போட்டார், ஹெமியனோப்பியாவில் பெரும்பாலும் அப்படித்தான். இடது பக்கம் பாருங்கள் என்றால் பார்க்கவும் செய்தார். கவனம் பிழைத்திருக்கிறது, அதை வைத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று தெம்பு வந்தது.

அன்றைக்குத்தான் மனைவி வெளியே போன நேரம் பார்த்து மெதுவாக ஒன்று சொன்னார். தெரியாத அந்த இடது பக்கத்தில் சாயந்திர நேரங்களில் வண்ணக் கட்டங்கள் ஓடுகின்றன, ஒருமுறை முகம் தெரியாத சிறுவர்கள் வரிசையாக நின்றார்கள், சத்தமில்லை, கண்ணைத் திருப்பினால் போய்விடுகிறார்கள். மூளை கலங்கிவிட்டது என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். கண்ணிலிருந்து செய்தி வராமல் போன பார்வைப் பகுதிகள் தாமாகவே கிளர்ந்து உருவங்களை உண்டாக்குவது உண்டு. கண்புரை வந்த தன் தாத்தா கண்ட காட்சிகளை 1760இல் எழுதி வைத்த சார்ல்ஸ் போனே பெயரில் இதைச் சொல்கிறோம். பார்ப்பது நிஜமில்லை என்று பார்ப்பவருக்கே தெரிந்திருப்பதுதான் இதன் அடையாளம். ஆனாலும் பிடரி மடலில் வலிப்பு வந்தால்கூட வண்ணங்கள் தெரியலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரிடம் சொன்னோம், மூளை அலைப் பதிவு எடுத்தார்கள், வலிப்புக்கான அடையாளம் இல்லை. இது மனநோய் இல்லை என்று மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னபோது இருவருமே அழுதுவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் காட்சிகள் குறைந்து நின்றுபோயின.

இன்னொரு விநோதம்: தெரியாத பக்கத்தில் என் கையை அசையாமல் வைத்திருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. அசைத்தால், "என்னமோ அசையுது, என்னன்னு தெரியலை" என்றார். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களிடம் ஜார்ஜ் ரிடாக் 1917இல் பதிவு செய்த அதே விஷயம். அசைவைப் பார்க்கும் பகுதிகளுக்குப் பார்வைப் புறணியைச் சுற்றிக்கொண்டு போகும் பாதைகளும் உண்டு, கொஞ்சம் செய்தி அப்படியும் போய்ச் சேர்கிறது.

பயிற்சி

போன பாதியைத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி என்று நாங்கள் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. தானாக மீளும் கொஞ்சமும் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் மீளும் என்பதை வெளிப்படையாகச் சொன்னோம். எங்கள் குறி வேறு, கண்ணை இடது பக்கம் பெரிதாக வீசப் பழக்குவது. நாம் எல்லாருமே நொடிக்கு மூன்று தடவை அளவில் கண்ணைத் தாவவிட்டுத்தான் காட்சியைச் சேர்த்துக்கொள்கிறோம். ஹெமியனோப்பியா உள்ளவர் தெரியாத பக்கத்துக்குச் சின்னச் சின்னத் தாவலாகத் தயங்கித் தயங்கிப் போவார். இடது ஓரத்தைத் தாண்டியே ஒரே வீச்சில் போய்விட்டு அங்கிருந்து திரும்பி வரச் சொன்னோம். முதலில் சுவரில் ஒட்டிய எண்களைத் தேடுவது, அப்புறம் அறையில் பொருள் தேடுவது, அப்புறம் மனைவியோடு வெளியே நடப்பது. தினமும் அரை மணி நேரம்.

அவருக்கு நடையைவிட வாசிப்புத்தான் பெரிய வேதனை. வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வரும்போது தொடக்கம் இருக்குமிடம் தெரியாது, நடுவிலேயே இறங்கிவிடுவார். நீளமான சொற்களில் முன்பாதி கழன்றுவிடும், 'பொருத்தம்' என்பதை 'வருத்தம்' என்று வாசித்தார், 'திருத்தம்' என்பதையும் அப்படியே. எண்களில் இது இன்னும் மோசம், ஐந்து இலக்கத் தொகையில் முதல் இலக்கம் விழுந்துவிட்டால் மிச்சமும் ஒரு தொகையாகவே நிற்கும், தவறு என்று சந்தேகமே வராது. பக்கத்தின் இடது ஓரத்தில் தடிமனான சிவப்புக் கோடு போட்டு, அந்தக் கோடு கண்ணில் படும்வரை வாசிக்கத் தொடங்காதீர்கள் என்பதுதான் விதி. தொகைகளை வலமிருந்து இலக்கம் எண்ணிச் சரிபார்க்கும் பழக்கத்தை அவரே கண்டுபிடித்தார்.

கண்ணாடியில் ஒட்டும் பட்டகங்களையும் முயன்றோம், தெரியாத பக்கக் காட்சியைத் தெரியும் பக்கத்துக்கு நகர்த்திக் காட்டுபவை. சிலருக்கு நன்றாக உதவும். இவருக்குக் கூட்டத்தில் குழப்பம்தான் அதிகமானது, விட்டுவிட்டோம்.

விளைவு

மூன்றாவது மாதம் இடது கீழ்ப்பக்கத்தில் கொஞ்சம் திரும்பியிருந்தது, படி இறங்குவதற்கு அது நல்ல உதவி. மேல் பாதி திரும்பவில்லை. ஆறாவது மாதத் தாளும் ஏறத்தாழ அதேதான். ஆனால் கதவு நிலையில் இடிப்பது நின்றுவிட்டது, வாசிப்பு வேகம் பழையதற்குக் கிட்ட வந்தது, பாதி நேர வேலைக்குத் திரும்பினார், கடைசிக் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாட்டோடு. கார் ஓட்டுவதில்லை. பல நாடுகளின் ஓட்டுநர் விதிகள் கிடைமட்டத்தில் குறைந்தது 120 பாகை புலம் கேட்கின்றன, அது இவரிடம் இல்லை. இன்றுவரை அவருக்கு அதில்தான் மனக்குறை, அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. இரண்டாவது அடைப்பு வரவில்லை.

இனி செய்வது

பவர் பார்ப்பதற்கு முன்பே எல்லாருக்கும் முகச் சோதனையும் விரல் எண்ணும் சோதனையும், ஒவ்வொரு கண்ணாக மூடி. இரண்டு நிமிடம்கூட ஆகாது. இடித்துக்கொள்வது, உரசுவது, பலகையில் ஒரே பக்க எழுத்துகளை விடுவது, இவற்றில் எதுவும் இருந்தால் பவர் மாற்றிக் கொடுக்கக் கூடாது. கூட வந்தவரிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பதையும் வழக்கமாக்கிவிட்டோம், தனக்கு எது தெரியவில்லை என்பது பாதிக்கப்பட்டவருக்கே தெரியாத கோளாறு இது.

உருவங்கள் தோன்றலாம் என்பதை இப்போது ஹெமியனோப்பியா உள்ள ஒவ்வொருவரிடமும் முதல் சந்திப்பிலேயே, குடும்பத்தார் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டாருக்குக் கொடுக்கும் தாளில், அருகிலிருந்து பேசும்போது அவருக்குத் தெரியும் பக்கம் நில்லுங்கள், வெளியே கூட்டத்தில் நடக்கும்போது தெரியாத பக்கம் நடங்கள் என்ற வரிகளையும் சேர்த்திருக்கிறோம். அவற்றைச் சேர்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி.